கவர்ல வாங்குற சம்பளம் அமெரிக்க விசாவுக்குக் கணக்குல வருமா?

திருப்பூர் பக்கம் வேலை பார்க்குறவங்களுக்கு இது புதுசு இல்லை. சில கம்பெனிகள்ல சம்பளத்தில் ஒரு பகுதி பேங்க்ல ஏறும், மீதி கவர்ல வரும். "வரி மிச்சம்தானே"ன்னு நாமளும் பேசாம வாங்கிக்குவோம். அது எங்க போய் இடிக்கும்னு பார்ப்போம்.

உதாரணத்துக்கு, அவிநாசிபாளையத்துல (அவிநாசி இல்லைங்க, இது பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவுல இருக்கிற ஊர்) இருந்து தினமும் திருப்பூர் போய்வர்ற ஒரு சாயக்கழிவு சுத்திகரிப்பு இன்ஜினியரை எடுத்துக்குவோம். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரே வெளியே விடாம பட்டறை நடத்துறது இங்க கட்டாயத் தேவை ஆயிருச்சு. அந்த வித்தை தெரிஞ்சவருக்கு மாசம் 1.5 லட்சம். பேங்க்ல 90,000, கவர்ல 60,000. கையில் வருஷத்துக்கு 18 லட்சம். ஆனா ஃபார்ம் 16 சொல்றது 10.8 லட்சம்தான்.

இவர் அமெரிக்காவுக்கு 'அசாதாரணத் திறமை' பிரிவுல போக நினைக்கிறார். வேலை விசாவான ஓ-1ஏ-ல் 8 தகுதிகள், கிரீன் கார்டுக்கான இபி-1ஏ-ல் 10. பெரிய சர்வதேச விருது எதுவும் இல்லைன்னா, ரெண்டுலயும் குறைஞ்சது 3 காட்டணும். அதுல ஒண்ணு, உங்க துறையில மத்தவங்களைவிட அதிகச் சம்பளம். ஓ-1ஏ-ல் இனிமே வாங்கப்போற சம்பளத்தையும் ஒப்பந்தத்தோட காட்டலாம். இபி-1ஏ-லயும் நம்பகமான ஒப்பந்தம் இருந்தா அப்படிக் காட்டலாம்.

"டாலர்ல மாத்தினா நம்ம சம்பளம் ஒண்ணுமே இல்லையே"ன்னு பயப்பட வேண்டாம். வெளிநாட்டுல வேலை பார்க்குறவரை அந்த நாட்டுச் சம்பள நிலவரத்தோடதான் ஒப்பிடணும்னு அமெரிக்கக் குடியேற்றத் துறையோட கையேடே சொல்லுது. அதனால நம்ம இன்ஜினியரை ஒப்பிட வேண்டியது பெங்களூரு ஐடிக்காரரோட இல்லை. இதே வேலையை, இதே அனுபவத்தோட இங்க பார்க்குறவங்களோட. அதுக்கு ஊரும் பதவியும் தெளிவா இருக்கிற சம்பள சர்வே வேணும். இணையத்துல யாரோ போட்ட ஒரே ஒரு சராசரியை மட்டும் நம்பாதீங்க. ரெண்டு மூணு இடத்துல இருந்து எடுங்க.

இப்ப கவருக்கு வருவோம். ஃபார்ம் 16, ஐடிஆர், 26ஏஎஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், பே ஸ்லிப் எல்லாம் ஒரே தொகையைச் சொல்லணும். "மொத்தம் 18 லட்சம் கொடுக்கிறோம்"னு கம்பெனி லெட்டர் மட்டும் கொடுத்தா, ஐடிஆர்ல 10.8 இருக்கிறப்போ சந்தேகம்தான் வரும். இங்க அது வரி ஏய்ப்பாவும் ஆகும். பழைய வருஷங்களைச் சரி பண்ண ஐடிஆர்-யு இருக்கு. மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு 48 மாசம் வரை போடலாம். ஆனா வரி, வட்டிக்கு மேல 25%-ல் இருந்து 70% வரை கூடுதலாக் கட்டணும். தள்ளிப்போடப் போட சதவீதம் ஏறும். கம்பெனிக் கணக்குலயும் அது இடிக்கும். ஆடிட்டரைக் கேட்காம தொடாதீங்க.

சம்பளம் மட்டுமே விசா வாங்கித் தராது. 2010 கஸாரியன் தீர்ப்புக்குப் பிறகு, இபி-1ஏ-ல் 3 தகுதி காட்டினாலும் மொத்த ஆதாரத்தையும் சேர்த்துவச்சு மறுபடி எடை போடுவாங்க. அப்புறம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தமிழ்ல இருந்தா, மொழிபெயர்ப்பாளர் சான்றோட முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வைக்கணும்.