செல்லோவுக்குள் ஓர் ஓநாய்

இசையமைப்பாளர் த்வோராக்கின் செல்லோ கான்செர்ட்டோவில் தனிக் கலைஞர் மூன்று நிமிடத்துக்கு மேல் வாசிக்காமல் காத்திருக்க வேண்டும். அதுவரை ஆர்க்கெஸ்ட்ராதான் பேசும். இசைக் கல்லூரி மேடையில் முதன்முதலாக அதை வாசிக்கும் இளைஞருக்கு அந்த மூன்று நிமிடம் எவ்வளவு நீளமாக இருக்கும்!

இந்தப் படைப்பே ஓர் இசைக் கல்லூரியில் கருக்கொண்டதுதான். நியூயார்க்கின் தேசிய இசைக் கல்லூரிக்குத் த்வோராக் இயக்குநராக இருந்தபோது, அங்கே ஆசிரியராக இருந்த விக்டர் ஹெர்பர்ட் 1894-இல் தன் செல்லோ கான்செர்ட்டோவை வாசித்தார். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் செல்லோ எடுபடும் என்று த்வோராக்குக்கு நம்பிக்கை வந்தது. 1895-இல் தன்னுடையதை எழுதி முடித்தார்.

அதன் சுருதி பி மைனர். பி-யை ஸ என்று வைத்தால் எஃப் ஷார்ப்தான் ப. அதைத் தவிர்த்து வாசிக்க வழியே இல்லை. ஆனால் பல செல்லோக்களில் எஃப், எஃப் ஷார்ப் பக்கம்தான் ஓநாய் பதுங்கியிருக்கிறது. வில்லை என்னதான் சீராக இழுத்தாலும் நாதம் நிலைக்காமல் விட்டுவிட்டு உறுமும். இசைக்காரர்கள் அதை ஓநாய்ச் சுரம் என்பார்கள்.

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி பிரேக் கிறீச்சிடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் பிடிபடும். உராய்வு அதிர்வாக மாறி ஒலியாகிறது. ரோசின் எனும் பிசின் பூசிய வில்லின் குதிரைமயிர் தந்தியைப் பற்றி இழுக்கும், ஓர் அளவுக்கு மேல் தந்தி நழுவும், மறுபடி பற்றும். எஃப் ஷார்ப்பில் இது நொடிக்கு 185 முறை நடக்கிறது.

ஓநாய் ஏன் உறுமுகிறது என்பதற்குத் தெளிவான விளக்கம் தந்தவர் சர் சி.வி. ராமன். நாமக்கல் பக்கத்து மோகனூரிலிருந்து காவிரியோடு கீழே போனால் வரும் திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர். கல்கத்தாவில் அரசுக் கணக்குத் துறையில் வேலை. காலையிலும் மாலையிலும் பவ்பஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் தந்திகளோடு வாசம். நோபல் பரிசு தந்த ஒளிச்சிதறலைப் பற்றியே நாம் பேசுகிறோம். எனக்கென்னவோ 1916-இல் அவர் வெளியிட்ட ஓநாய்ச் சுர ஆய்வு அதற்குக் குறையாத வியப்பைத் தருகிறது.

தந்தியின் அதிர்வு, அதைத் தாங்கி நிற்கும் குதிரை எனும் மரத்துண்டு வழியாக மரப்பெட்டிக்குப் போகிறது. பெட்டிக்கும் சொந்த அதிர்வெண் உண்டு. இரண்டும் ஒன்றாகும் இடத்தில் பெட்டி வெறிகொண்டு அதிர்ந்து, தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது தந்தியைப் பிடித்துவைக்க வில்லுக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தந்தி அடிப்படைச் சுரத்தை விட்டு மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். உடனே பெட்டி அடங்கும். அடங்கியதும் பழைய சுரம் திரும்பும். பெட்டி மறுபடி பொங்கும். நொடிக்குச் சில முறை நடக்கும் இந்த இழுபறிதான் உறுமல். தந்தியின் அசைவையும் பெட்டியின் அசைவையும் ஒரே நேரத்தில் படமெடுத்து ராமன் இதைக் காட்டினார்.

பெட்டியைக் கனமாக்கினால் ஓநாய் அடங்கும். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி ஒலிக்கும் வலுவும் போய்விடும். அதனால் குதிரைக்குக் கீழே தந்தியில் சின்னப் பித்தளைக் குழல் ஒன்றை மாட்டுவார்கள். மேடையில் முழங்காலால் பெட்டியை இறுக்குவதும் உண்டு. கைதேர்ந்த கருவி வினைஞர்கள் ஓநாயை இரண்டு சுரங்களுக்கு நடுவே நகர்த்தி வைக்கப் பார்ப்பார்கள். த்வோராக்குக்கு அது போதும். சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்லும் கமகத்தைச் செல்லோவில் வாசிப்பவருக்கு அந்த இடுக்கும் பாதைதான்.