டெலஸ்கோப்புக்கு எதற்கு கூலிங் கிளாஸ்?

புதிதாக டெலஸ்கோப் வாங்கிய ஆபீஸ் நண்பர்கள் பத்தாவது நாள் என் மேஜைக்கு வந்து கேட்கிற கேள்வி: “சார், ஃபில்டர் வாங்கணுமா?”

டெலஸ்கோப்பில் நாம் கண்ணை வைக்கிற குட்டிக் குழாய்க்கு ஐபீஸ் என்று பெயர். அதன் அடிப்பக்கம் மரை இருக்கும். அதில் திருகி மாட்டும் வட்டக் கண்ணாடிதான் ஃபில்டர். வெளிச்சத்தைக் கூட்ட அதற்குத் தெரியாது, கழிக்கத்தான் தெரியும். வேண்டாததைக் கழித்தால் வேண்டியது எடுப்பாகத் தெரியும். அவ்வளவுதான் சூட்சுமம்!

முதலில் நிலா. பௌர்ணமியன்று பார்த்தால் கண் கூசும். ஆபத்து எதுவும் கிடையாது. சாம்பல் நிற ஃபில்டர் போட்டால் கூச்சம் அடங்கும். அரை நிலா அன்று பார்ப்பது அதைவிட உத்தமம். நிழல் விழுவதால் பள்ளமும் மேடும் துல்லியமாகத் தெரியும். செலவும் மிச்சம்!

அடுத்து கிரகங்கள். வியாழனின் பட்டைகளுக்கு 80ஏ என்ற இளநீலம். செவ்வாயின் கருந்திட்டுகளுக்கு 21-ம் நம்பர் ஆரஞ்சு. 25-ம் நம்பர் சிவப்பும் உண்டு. ஆனால் அது வெளிச்சத்தை ஏகத்துக்கு விழுங்கும்; சின்ன டெலஸ்கோப்பில் செவ்வாயே மங்கிப் போகும்.

நெபுலா எனும் வாயு மேகங்களுக்கு ‘ஓ-3’ ஃபில்டர். ஆக்ஸிஜன் உமிழும் 496, 501 நானோமீட்டர் ஒளியை மட்டும் உள்ளே விட்டு, மற்றதை வாசலிலேயே நிறுத்திவிடும். காலக்ஸிகளுக்கு இது உதவாது. அவை நட்சத்திரக் கூட்டம். எல்லா நிறத்திலும் ஒளிர்பவை. மஞ்சள் சோடியம் விளக்குக் காலத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தை வடிகட்டுவது சுலபம். எல்.ஈ.டி. வெளிச்சமோ எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. இதற்கு நான் சிபாரிசு செய்யும் ஃபில்டர், ஜவ்வாது மலைக்கு ஒரு பஸ் டிக்கெட்! காவலூரில் வானாய்வகம் கட்டியவர்கள் சும்மாவா அங்கே போனார்கள்?

இனி சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை. போன மாதம் ஒரு நண்பர் செகண்ட் ஹாண்டில் 60 மி.மீ. டெலஸ்கோப் வாங்கி வந்தார். பெட்டிக்குள் ‘சன்’ என்று எழுதிய கரும்பச்சைக் கண்ணாடி. “ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு சூரியனைக் காட்டப்போறேன் சார்” என்றார்.

அவரை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வெயிலில் நம் கண்மணி சுமார் 2 மி.மீ. அகலம். 60 மி.மீ. லென்ஸ் அதைப்போல 900 மடங்கு வெளிச்சம் சேர்க்கும். அத்தனை சூடும் குவியும் இடத்துக்குப் பக்கத்தில் இந்தக் கண்ணாடி. படீரென்று விரிசல் விட்டால், கண்ணை எடுப்பதற்குள் விழித்திரை வெந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. குழந்தை “ஆ” என்றுகூடச் சொல்லாது.

அன்றே அதைச் சுத்தியலால் உடைத்தோம்.

சூரிய ஃபில்டரை டெலஸ்கோப்பின் முன்வாயில்தான் மாட்ட வேண்டும். லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் ரகம் அது. ஓட்டை, கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். காற்றில் கழன்று விழாதபடி டேப் ஒட்டுங்கள். பக்கத்திலுள்ள குட்டி ஃபைண்டரையும் மூடிவிடுங்கள்.

2031 மே 21-ல் கங்கண சூரிய கிரகணம் தென் தமிழ்நாட்டைக் கடக்கிறது. பரணில் பழைய டெலஸ்கோப் இருந்தால், இன்றைக்கே இறக்கிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ‘சன்’ கண்ணாடி இருந்தால் சுத்தியலைத் தேடுங்கள்!