மறுகாலின் அளவு

இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் உழவர் ஒருவரையொருவர் கண்டால், "கண்மாய் மறுகால் பாய்ந்ததா?" என்று வினவுதல் வழக்கம். நிறைந்த நீர் கலிங்கின்மேல் வழிந்து செல்லுதலே மறுகால் பாய்தலாம். அதனை நிறைவின் அடையாளமாகப் போற்றும் நாம், அதுவே கரையைக் காக்கும் வாயில் என்பதை மறந்துவிடுகிறோம். அவ்வாயிலின் அளவு எத்தகையதாதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று இறங்கும் ஓடைகள் கிழக்கு நோக்கி ஓடிக் கண்மாய்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்புகின்றன. எஞ்சிய நீர் வைப்பாற்றின் வழியே மன்னார் வளைகுடாவை அடைகின்றது. மேற்கண்மாயின் மிகைநீரே கீழ்க்கண்மாயின் வரவு. இலங்கையின் உலர்வலயத்தில் இத்தகைய குளத்தொடரை 'எல்லங்காவ' என்பர்.

இதன் இயல்பைக் கண்ணாடி மீன்தொட்டியிலும் காணலாம். மேல்தொட்டியில் வழியும் நீர் குழாய்வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். பம்பு அதனை மீண்டும் மேலேற்றும். பம்பு தரும் நீரைக் குழாய் கடத்தாவிடின் மேல்தொட்டி ததும்பும். மின்சாரம் நின்றதும் இறங்கிவரும் நீரைத் தாங்க வெற்றிடம் இல்லாவிடின் கீழ்த்தொட்டி ததும்பும். ஆகவே வரவு, வழிவு, கீழிடம் என்னும் மூன்றும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். தொட்டியிற் பம்பின் விசையைக் குறைக்கலாம். வானின் மழையைக் குறைக்க வல்லார் யாவர்?

நிற்க. கலிங்கு தானாக நீரை அளந்து விடுவதன்று. வரும் நீரும் வழியும் நீரும் சமமாகும்வரை கண்மாயின் மட்டம் உயர்ந்துகொண்டே போகும். அதற்குள் கரையின் உச்சியைத் தொட்டுவிடின் மண்கரை அரிப்புண்டு உடையும். ஆதலின் கலிங்கின் தலைக்கும் கரையின் உச்சிக்கும் இடைப்பட்ட உயரமே நமக்குள்ள காப்பு. 20 மீட்டர் அகலமுள்ள கலிங்கின்மேல் 1 மீட்டர் உயரம் நீர் சென்றால், நொடிக்கு ஏறத்தாழ 34 கனமீட்டர் வெளியேறும்; அரை மீட்டராயின் 12 கனமீட்டரே வெளியேறும். உயரம் பாதியாகக் குறைய, வழிவு மூன்றில் ஒரு பங்களவாகக் குறைகின்றது.

மிகுதியாக நீர் தேக்கும் ஆசையால் கலிங்கின்மேல் கல்லும் மணல்மூட்டையும் அடுக்குவோர் இக்கணக்கை உணர்தல் வேண்டும். அரைமீட்டர் நீரைக் கூடுதலாகப் பெறுவோர், வெள்ளத்தைக் கடத்தும் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றனர். மறுகால் ஓடையை அடைத்து மனையாக்குவோர் செய்வதும் அதுவே. கீழ்க்கண்மாயின் கலிங்கோ, மேலிருந்து வரும் மிகைநீரையும், தன் நிலத்திற் பெய்த மழையையும் ஒருங்கே கடத்த வல்லதாய் இருத்தல் வேண்டும். மேலூரார் கரை உடைந்தால் அவ்வெள்ளம் முழுதும் கீழூரார் கரையின்மேற் சென்று மோதும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் அச்சமன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18ஆம் நாள்களிற் பெய்த பெருமழையில், நமக்கு அடுத்த தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மாவட்டத்திற் பல குளங்கள் உடைந்தன. ஊர்கள் பல நீராற் சூழப்பட்டன.

ஆதலின் கோடையில் கண்மாய் வறண்டு கிடக்கும்பொழுதே வண்டலை அகற்றி, மறுகால் ஓடையைத் திருத்தி, கலிங்கின் தலையை உரிய மட்டத்தில் வைத்தல் ஊராரின் கடமையாம். நீரைத் தேக்குதல் தன் ஊருக்குச் செய்யும் நன்மை. மிகுந்ததற்கு வழிவிடுதல் தன் ஊருக்கும் அயலூருக்கும் ஒருங்கே செய்யும் நன்மை என்க.