கை கால் விழுந்துவிட்டால் எந்தப் பெயரைச் சொல்வது?

கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் "அவருக்கு இழுத்துக்கிச்சு" என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்கு மூன்று பொருள் தோன்றலாம். ஒரு பக்கக் கை காலும் வாயும் செயலிழந்து போனது ஒன்று. வலிப்பு வந்து உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது இன்னொன்று. மூச்சிரைப்பையும் இழுப்பு என்றே சொல்கிறோம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. 108-க்குப் போன் செய்யும்போது "இழுத்துக்கிச்சு" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கம் அசையவில்லை, பேச்சு குழறுகிறதா, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று சொல்லிவிட வேண்டும்.

'வாதம்' என்ற சொல்லும் குழப்பக்கூடியதே. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் மூன்றும் உடம்பின் அடிப்படை. வாதம் கெடுவதால் வருவதாகச் சொல்லப்படும் நோய்கள் எண்பது. அதனால் மூட்டு வலியும் வாதம், நரம்புத் தளர்ச்சியும் வாதம். கீல்வாதம் மூட்டு நோய். முடக்குவாதம் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வதும் மூட்டுகள் வீங்கி விரல் கோணும் நோயைத்தான், அதில் நரம்பு செத்துப்போவதில்லை. நடுக்குவாதம் என்பது கை நடுங்கி நடை மெதுவாகிப்போகும் பார்க்கின்சன். பெயரில் வாதம் இருப்பதால் எல்லாமே கை கால் விழுந்த நோய் ஆகிவிடாது.

உண்மையில் ஓட வேண்டியது பக்கவாதத்துக்கு. யாழ்ப்பாணத்தில் இதைப் பாரிசவாதம் என்பார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ வருவது இது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் உடம்பின் வலப்பக்கம் விழும், பலருக்குப் பேச்சும் போகும். அடைப்பா கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அடைப்பாக இருந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு, ஆனால் அதை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கண்டாச்சிபுரத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே அதில் கணிசமான நேரம் போய்விடும். புறா ரத்தம் பூசினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, புறாவைத் தேடி அலைவதில் போகும் காலைப்பொழுது திரும்ப வராது. விழுங்க முடியாதவர் வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் ஊற்றவும் கூடாது, போடவும் கூடாது.

முகம் மட்டும் கோணிக்கொண்டால் அது முகவாதமாக இருக்கலாம். புருவத்தை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றியில் சுருக்கம் விழாது, கண்ணும் முழுதாக மூடாது. பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். முகவாதத்துக்கும் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். இந்தச் சோதனையை நம்பி வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம். முகம் கோணினாலே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இரண்டு காலும் ஒன்றாக மரத்துப் பலமிழந்து, அது நாளுக்கு நாள் மேலே ஏறினால் அது வேறு நோய். மூச்சுத் தசை வரை போகக்கூடியது என்பதால் காத்திருக்கக் கூடாது.

இளம்பிள்ளைவாதம் போலியோ. இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014-இல் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. ஒரு கால் சூம்பி நடக்கும் பெரியவர்கள் பலர் அந்தக் காலத்தின் சாட்சிகள். மூளை முடக்குவாதம் வேறு. பிறப்புக்கு முன்போ பிறக்கும்போதோ பிறந்த சில காலத்திலோ மூளைக்கு நேரும் பாதிப்பால் தசைகள் கட்டுப்பாட்டுக்குள் வராதது அது. அந்தக் குழந்தைகளில் பலருக்கு அறிவில் குறை கிடையாது. வாய் குழறுவதைப் பார்த்துப் பள்ளிக்கு அனுப்பாமல் விடுவது பெரிய அநியாயம்.

எங்கள் வட்டாரத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பனை ஏறுபவரோ கிணற்று வேலை செய்பவரோ தவறி விழுந்தால் முதுகுத் தண்டுவடம் அடிபடலாம். கழுத்தில் அடிபட்டால் கை கால் நான்கும் போகலாம், முதுகில் என்றால் இடுப்புக்குக் கீழே உணர்வு போகும், சிறுநீரும் கட்டுப்படாது. பதறிப்போய் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்குவதால் பாதிக் காயம் முழுக் காயம் ஆகிவிடக்கூடும். அசைக்காமல், தலையும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி பலகையில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். விழுந்தபின் வாழ்க்கை முடிந்தது என்றும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தார், அங்கேயே மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவையும் உருவாக்கினார்.

மனிதரைச் சொல்லும் சொற்களிலும் மாற்றம் வந்தது. நொண்டி, முடம் என்று கூப்பிட்டதும் பின் ஊனமுற்றோர் என்று எழுதியதும் போய், கருணாநிதி முதல்வராக இருந்தபோது அரசு மாற்றுத்திறனாளி என்ற சொல்லை ஏற்றது. மரியாதை கிடைத்தது, நல்லது. ஆனால் உதவித்தொகைக்கு மனு போடும்போது அந்த ஒரு சொல் போதாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. கை கால் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு எல்லாம் தனித்தனி. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். தண்டுவட பாதிப்பு, பார்க்கின்சன், தசைச்சிதைவு ஆகியவற்றுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகையில் தனிப் பிரிவுகளும் உண்டு. மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது தரும் சீட்டில் நோயின் பெயரும், எந்த உறுப்பு எந்த அளவுக்கு இயங்கவில்லை என்பதும் எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, நகலெடுத்துப் பத்திரமாக வையுங்கள்.