ஹம்மஸ் உருளைக்கிழங்கு

ஹம்மஸ் உருளைக்கிழங்கு என்பது வேகவைத்த சிறு உருளைக்கிழங்குகளின் நடுவைக் குடைந்து, கொண்டைக்கடலை விழுதை நிரப்பிப் பரிமாறப்படும் விருந்துத் தொடக்க உணவு ஆகும். எண்ணெயில் பொரிக்கும் போண்டா, சிப்ஸ் ஆகியவற்றுக்கு இது மாற்றாகும்.

ஹம்மஸ் என்ற அரபுச் சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்றே பொருள். மசித்த கொண்டைக்கடலை உணவுகள் 13ஆம் நூற்றாண்டு அரபுச் சமையல் நூல்களில் குறிப்பிடப்பட்டுள்ளன.

செய்முறை

ஒரு கோப்பை வெள்ளைக் கொண்டைக்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, விரலால் நசுங்கும் அளவு குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கடலையை எவ்வளவு அரைத்தாலும் விழுது நறநறக்கும். இதனுடன் 3 மேசைக்கரண்டி எள் விழுது, 2 பல் பூண்டு, ஓர் எலுமிச்சையின் சாறு, உப்பு சேர்த்து அரைக்கப்படுகிறது. தஹினி எனப்படும் எள் விழுது நெய்வேலி போன்ற நகரியக் கடைகளில் கிடைக்காவிடினும் கவலையில்லை. எள் அவ்வட்டாரத்துப் பயிரே. அருகிலுள்ள விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் எள் இரகம் வெளியிட்டுள்ளது. வெள்ளை எள்ளை இளவறுப்பாக வறுத்துச் சிறிது நல்லெண்ணெயுடன் அரைத்தால் போதும்.

உடல்நலம்

மாப்பொருள் மிகுந்த உணவுகளை 120 பாகை செல்சியசுக்கு மேல் பொரிக்கும்போது அக்ரிலமைடு உண்டாவதை 2002இல் சுவீடன் அறிவியலாளர்கள் அறிவித்தனர். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என ஐயுறப்படும் வேதிப்பொருள். நீரில் வேகவைக்கும்போது வெப்பம் அந்த அளவை எட்டுவதில்லை. 100 கிராம் வேகவைத்த கிழங்கில் ஏறத்தாழ 87 கிலோகலோரியும், சிப்சில் 500க்கு மேலும் உள்ளன. எனினும் எள் விழுதில் கொழுப்பு மிகுதி. ஒரு கிழங்குக்கு ஒரு தேக்கரண்டி ஹம்மஸ் போதுமானது. எள் ஒவ்வாமை சிலருக்குக் கடுமையாக இருக்கும் என்பதால், பரிமாறும் முன் விருந்தினரிடம் கேட்டறிதல் வேண்டும்.