‘மால்பிராக்டிஸ்’ என்று கேமரா சொன்னால்?

2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் தேர்வை மாணவர்கள் வீட்டிலிருந்தே எழுதினார்கள். ஹாலில் நடமாடும் கண்காணிப்பாளருக்குப் பதில் செயற்கை நுண்ணறிவு மென்பொருள். அதற்குக் கண் கேமரா, காது மைக். ஏப்ரலில் ரிசல்ட் வந்தபோது ஏராளமானோர் தோல்வி. முறைகேட்டுச் சந்தேகத்தில் பலருடைய முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. குனிந்தது, திரும்பியது, பின்னால் சத்தம் கேட்டது எல்லாமே குற்றமா என்று மாணவர்கள் கொதித்தார்கள். மே மாதம், ஆட்சி மாறிய கையோடு, மறுதேர்வு நடத்தப்படும் என்று உயர்கல்வி அமைச்சர் பொன்முடி அறிவித்தார்.

அந்தக் கேமராவை அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் வைத்துப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உள்ள பகுதி. ஒற்றை அறை வீட்டில் பெஞ்சு மேல் செல்போனைச் சாய்த்து வைத்துத் தேர்வு எழுதினால், அம்மா அடுப்படிக்குக் குறுக்கே போவது ‘இரண்டாவது ஆள்’. தெருவில் லாரி ஹாரன் அடித்தால் ‘வெளிச்சத்தம்’. கணக்குப் போடக் குனிந்தால் ‘பார்வை விலகல்’. கரண்ட் போய்விட்டாலோ சொல்லவே வேண்டாம். தனி அறையும் இன்வெர்ட்டரும் உள்ள வீட்டில் இந்தக் குறிகள் அவ்வளவாக விழாது. வசதிக் குறைவு காப்பியடித்த கணக்கில் சேருவதுதான் இங்கே பெரிய அநியாயம்.

நிறமும் இதில் சேர்கிறது. ‘புராக்டோரியோ’ என்ற தேர்வுக் கண்காணிப்பு மென்பொருளின் முகமறியும் நிரலை 2021-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வாளர் சோதித்தபோது, கறுப்பினத்தவர் முகங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அது முகமாகவே கண்டுகொள்ளவில்லை.

பதிவான தகவல் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 2020-இல் ‘புராக்டர்யு’ என்ற தேர்வுக் கண்காணிப்பு நிறுவனத்திடமிருந்து சுமார் 4.4 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. நம் ஒன்றிய அரசின் ‘தீக்ஷா’ கல்வி ஆப்பில் கிட்டத்தட்ட 6 லட்சம் மாணவர்களின் தகவல்கள் பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் வெளியே தெரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அந்தச் சிறாரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள், கல்விப் பணிக்காகக் கண்காணிக்கும் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு தந்துவிட்டன. கதவைப் பூட்டிச் சாவியை வாசலிலேயே வைத்த கதை.

ஆகவே பழைய வழிகளே இப்போதைக்குக் கைகொடுக்கும். தேர்வின் நடுவே கரண்டோ நெட்டோ போனால், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றைக்கே கல்லூரிக்கு மெயில் அனுப்பிவிட வேண்டும். முடிவை நிறுத்திவைத்தால், எந்த நிமிடப் பதிவில் என்ன குறை, மென்பொருள் போட்ட குறியை எந்த ஆசிரியர் பார்த்து உறுதி செய்தார் என்று எழுத்தில் கேட்க வேண்டும். மென்பொருள் சந்தேகப்படலாம், தண்டிக்க ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி, மாணவர் குறைதீர்க் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு தன் தேர்வின் கேமராப் பதிவையும் கேட்டுப் பார்க்கலாம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.