கடலில் நடந்து கோட்டைக்கு

மும்பையில் வாழும் நம்மவர்க்கு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வீடு, கோயில், சந்தை என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. நகரின் வாயிற்படியிலேயே மலையும் ஓடையும் கடலும் இருக்கின்றன. போரிவிலியில் இறங்கினால் கன்ஹேரிக் குகைகள். மழைக்காலத்தில் அவற்றின் அருகே ஓடைகள் பெருகும். நேரலிலிருந்து மாத்தேரானுக்கு நடந்தே மலையேறலாம். இவற்றைப் பலரும் அறிவர். யான் இங்கு எழுதத் துணிந்தது அலிபாகைப் பற்றி.

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு. அங்கிருந்து அலிபாகுக்குப் பேருந்து. ஊரின் எதிரே கடலுக்குள் பாறைமீது குலாபா கோட்டை நிற்கிறது. (நகரத்துக் கொலாபா வேறு.) சிவாஜி மகாராஜா காலத்தில் தொடங்கப்பெற்ற இக்கோட்டை பின்னர் கான்ஹோஜி ஆங்கிரேயின் கடற்படைக்கு அரணாயிற்று. 1721-இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து தாக்கியும் அதனைக் கைப்பற்ற இயலவில்லை. அத்தகைய கோட்டைக்குக் கடல் வற்றும் வேளையில் சிறு குழந்தையும் நடந்து போகலாம்!

சென்ற மார்கழியில் மனைவியோடும் எட்டு வயது மகனோடும் சென்றேன். ஒன்பதரை மணிக்குக் கரையில் இறங்கினோம். ஈர மணல், ஆங்காங்கே கணுக்கால் அளவு நீர், நண்டுகளின் ஓட்டம். கோட்டையினுள் கணபதி கோயிலும் நன்னீர்க் குளமும் உள்ளன. உப்புக் கடலின் நடுவே அந்நீர் பெரும் வியப்பு. மதிலோரம் அமர்ந்து புளிச்சோறு உண்டோம். சற்றுக் கண்ணயரவும் செய்தேன்.

பன்னிரண்டரைக்குப் புறப்பட்டபோது மணல்வழியைக் காணவில்லை. "முழங்கால் அளவுதான்" என்று துணிந்து இறங்கினேன். பாதி வழியில் நீர் இடுப்பைத் தொட்டது. மகனைத் தோளில் ஏற்றினேன். மனைவி என் சட்டையைப் பற்றிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நடந்தாள், ஏசியிருந்தால்கூடத் தேவலை. அப்போது கடைசியாகத் திரும்பிய குதிரை வண்டிக்காரர் எங்களைக் கண்டு வண்டியை வளைத்து வந்து ஏற்றிக்கொண்டார். "அண்ணா, வீட்டில் பஞ்சாங்கம் இல்லையா?" என்று மராத்தியில் கேட்டார். வண்டி ஐந்து நிமிடம் தாமதமானாலும் பதிவேட்டில் குறிக்கும் இரயில்வே எழுத்தன் தலைகுனிந்தேன்.

அவர் விளக்கியது இது. வற்றத்திற்கும் ஏற்றத்திற்கும் இடையே ஆறு மணிக்குச் சற்று மேல். நாளுக்கு நாள் அந்நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இப்பக்கத்துக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்சி வேளையில் கடல் ஏறி நிற்கும். அன்று பகலில் போவது வீண். சதுர்த்தி, பஞ்சமி நாட்களில் காலை ஒன்பது, பத்து மணியளவில் வற்றும். அஷ்டமியில் நண்பகலில் வற்றினாலும் அவ்வளவு இறங்காது. இது குத்துமதிப்பே, அன்றைய நேரத்தைக் கரையிலுள்ள வண்டிக்காரரிடமோ மீனவரிடமோ கேட்டுக்கொள்க. வற்றத்திற்கு ஒரு மணி முன்னே போய், பின் ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து படகும் இராது, கடலும் நம்பத்தக்கதன்று.

வருகிற தையில் மீண்டும் செல்ல எண்ணம். மகன் பஞ்சாங்கத்தில் திதிகளுக்கு எதிரே பென்சிலால் மணி குறித்து வைத்திருக்கிறான். இரண்டிடத்தில் கணக்குப் பிழை, திருத்தச் சொல்லியிருக்கிறேன்.